இனி நிறுத்தி என்ன பயன்?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்பவர்கள், தாம்பரத்தை அடுத்துத் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தைக் காண்பார்கள். 1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனையால் அந்நிலையத்துக்கு வந்த பெயர் அது. நல்ல காற்றையும் ஓய்வையும் சத்தான உணவையும் நம்பி நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்தார்கள். பின்னர், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே அதே அளவு குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்கு நிறுவிக் காட்டியது. அன்றுமுதல் பெரும்பாலான காசநோயாளிகளுக்கு வீடே மருத்துவமனை. ஆனால் வீட்டுக்கு நான்கு அடி தள்ளிப் பெட்டிக்கடையும் இருக்கிறது.

நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வர வேண்டியது வந்துவிட்டது, இனி பீடியை நிறுத்தி என்ன பயன்?” கேட்பவரின் மனச்சோர்வு நமக்குப் புரிகிறது. ஆயினும் அக்கேள்விக்கு உரிய விடை நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது.

டாக்டர் கஜலட்சுமியும் இங்கிலாந்தின் ரிச்சர்டு பீட்டோவும் பிறரும் நடத்திய ஆய்வு, 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். நகரத்தில் சிகரெட்டும் கிராமத்தில் பீடியும் மிகுதி. இரண்டு இடங்களிலும், புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதி புகையோடு தொடர்புடையது என்று அவர்கள் கணித்தார்கள்.

காரணம் எளிது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியையும் கிருமியையும் இடைவிடாது மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. நுரையீரலுக்குள் கிருமிகளை விழுங்கி அழிக்கும் அணுக்களையும் தளர்த்துகிறது. எனவே மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டுப் புகைப்பவர், அந்த மாத்திரைக்குத் துணை நிற்க வேண்டிய தம் உடலையே வலுவிழக்கச் செய்கிறார். “புகைக்கிற இருமல்தானே” என்று இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலைச் சளிப் பரிசோதனையின்றி விட்டுவிடுவதும் புகைப்பவர்களிடம் காணப்படும் தவறு.

பிற நோய்களிலும் இதே கதைதான். நிகோட்டின் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவருக்குச் சர்க்கரை கட்டுப்படுவது கடினமாகிறது. கால் இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் புண் ஆறுவதில்லை. மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்களிடையே மரணம், விடாதவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திசுக்களில் பிராணவாயு வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அந்தப் பிராணவாயுவின் இடத்தை இரத்தத்தில் பிடித்துக்கொள்கிறது. புகையை நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு நாளில் இரத்தம் அதிலிருந்து விடுபடும். அறுவை சிகிச்சை குறிக்கப்பட்டவர்கள் நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்துவது நலம். மயக்க மருந்தின் சிக்கல்களும் காயத்தில் சீழ் பிடிப்பதும் குறையும்.

“சிகரெட்டை விட்டுவிட்டேன், வேப் மட்டும்தான்” என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அதிலிருந்து வருவது வெறும் நீராவி அன்று. பெரும்பாலானவற்றில் நிகோட்டின் உண்டு; இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். அமெரிக்காவில் 2019இல் பரவிய வேப் நுரையீரல் நோயில் 2,800 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டின் உற்பத்தியும் விற்பனையும் இருப்பு வைத்தலும் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே மறைவாகக் கிடைக்கும் கருவிக்குள் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இரவுப் பணி செய்வோர் விழித்திருப்பதற்காகப் புகைப்பதாகக் கூறுவார்கள். தேநீர், வெளிக்காற்று, நண்பர்களோடு ஐந்து நிமிடப் பேச்சு ஆகிய மூன்றும் சிகரெட்டோடு சேர்ந்தே பழகிவிட்டன. அந்த இடைவேளையைக் கைவிட வேண்டாம். நோயின் காரணத்தை நெருங்கிய நண்பர் ஒருவரிடமாவது சொல்லிவைத்தால், அவர் சிகரெட்டை நீட்ட மாட்டார்.

திடீரென்று நிறுத்தினால் உடலுக்கு ஆபத்து என்ற அச்சம் தேவையற்றது. எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் ஆகியன முதல் மூன்று நாள்களில் மிகுந்து, சில வாரங்களில் தணியும். இருமல் சில நாள் கூடலாம். நுண்மயிர்கள் மீண்டும் வேலை தொடங்குவதும் அதற்கு ஒரு காரணம். நிகோட்டின் சூயிங்கம் போன்ற மருந்துகளை, குறிப்பாக இதய நோயாளிகள், மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். தமிழில் ஆலோசனை பெற 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

உடனிருக்கும் குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. ஏச்சு யாரையும் திருத்தியதாக நாங்கள் கண்டதில்லை; மறைவாகப் புகைக்க மட்டுமே அது கற்றுத்தரும். நோயாளிக்குத் துணையாக வந்தவர் வாசலுக்குச் சென்று புகைத்துவிட்டு அருகில் வந்து அமர்ந்தால், அந்த வாடையே நோயாளியின் ஏக்கத்தைத் தூண்டும்.

புகையை நிறுத்தியதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோபிலின் போன்ற மருந்துகளைப் புகை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றுகிறது. நிறுத்தியபின் அதே அளவு மிகையாகி, வாந்தியும் படபடப்பும் தோன்றலாம். சர்க்கரை நோய் மருந்தின் அளவையும் மாற்ற நேரிடலாம். ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்கும்போது சரியான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தும் அமையும்.