டேங்க்ல மிச்சமான 50 பார் காத்து: நஷ்டமா, எமர்ஜென்சி ஃபண்டா?



எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "அந்தப் பணம் சும்மாதானே கிடக்குது, வேஸ்ட் இல்லையா?" இதே கேள்வியை நான் ஒருமுறை கடலுக்கு அடியில, 18 மீட்டர் ஆழத்துல கேட்டேன். கேட்டது தப்புன்னு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுது.

இடம் அந்தமான்ல ஹேவ்லாக் தீவு. ஒரு வருஷமா சம்பளத்துல மாசாமாசம் ஒதுக்கி வெச்சுப் போன ட்ரிப். கைடு மேல போகலாம்னு சைகை காட்டினப்போ என் பிரஷர் கேஜ்ல 70 பார் இருந்துச்சு. "காசு குடுத்த காத்து, மூணுல ஒரு பங்கு மிச்சமா?"ன்னு மனசு கேக்கலை. ஃபோட்டோ எடுக்கிற மாதிரி ரெண்டு நிமிஷம் வேணும்னே பின்தங்கினேன். என் கூட வந்த நண்பனும் எனக்காகக் காத்திருந்தான். அவன் கேஜ்ல எவ்வளவு இருக்குன்னு நானும் கேக்கலை, அவனும் சொல்லலை. 5 மீட்டர்ல சேஃப்டி ஸ்டாப்புக்கு நின்னப்போ, காத்து முடியப் போகுதுன்னு சைகை காட்டினான். என்னோட ஸ்பேர் ரெகுலேட்டரைக் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே டேங்க்ல மூச்சு விட்டுக்கிட்டு மேல வந்தோம். படகுல ஏறினப்போ என் கேஜ்ல 30 பார்.

அன்னைக்கு நான் "மிச்சப்படுத்த" நினைச்ச தொகை எவ்வளவு? வாங்க, கணக்கு போடுவோம்.

மிச்சக் காத்தோட விலை என்ன?

பொதுவா டைவ் கடைகள்ல கிடைக்கிற அலுமினியம் டேங்கோட உள் கொள்ளளவு 11.1 லிட்டர். சுமார் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினா, வெளியில இருக்கிற காத்துல 2,200 லிட்டர் அதுக்குள்ள அடைஞ்சிடும். 50 பார்னா அதுல கால்வாசி, அதாவது 555 லிட்டர்.

ஒரு டேங்க் நிரப்ப 400 ரூபாய்னு கணக்குக்காக வெச்சுக்குவோம். உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கலாம். அப்போ ஒரு பார் 2 ரூபாய். 50 பார் 100 ரூபாய். டீயும் வடையும் சாப்பிடுற காசு!

இன்னொரு விஷயம், அந்த 100 ரூபாய்கூட உங்க கைக்குத் திரும்பி வராது. ட்ரிப்ல டைவ் பண்றவங்களுக்கு டேங்கும் காத்தும் பேக்கேஜ் விலையிலேயே அடக்கம். 50 பாரோட வந்தாலும் 20 பாரோட வந்தாலும் பில் ஒண்ணுதான். சொந்த டேங்க் வெச்சிருந்தாலும் பல கடைகள்ல ஒரு ஃபில்லுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட். மீதி எவ்வளவு இருந்துச்சுன்னு கழிச்சுத் தர மாட்டாங்க. நீங்க குடுக்கிற பணத்துல பெரும்பகுதி படகு, டீசல், கைடு, கியர் பராமரிப்புக்குத்தான் போகுது. காத்து அதுல சின்னப் பங்கு.

இதைத்தான் நிதி மொழியில மூழ்கிப்போன செலவுன்னு சொல்வாங்க. குடுத்தாச்சு, திரும்பாது. அதை "வசூல் பண்ண" எடுக்கிற முடிவு எப்பவுமே புது நஷ்டத்துலதான் போய் நிக்கும். பிடிக்காத படத்தை டிக்கெட் காசுக்காக உட்கார்ந்து பாக்குற மாதிரி. தியேட்டர்ல போறது ரெண்டு மணி நேரம். கடல்ல உயிர்.

அந்த 555 லிட்டர் எதுக்கு?

பல கைடுகள் டைவுக்கு முன்னாடி சொல்றது: "படகுல ஏறும்போது 50 பார் இருக்கணும்." ஏன் 50? ஒரு மோசமான நிலைமையை எடுத்துக்குவோம். 18 மீட்டர்ல உங்க பார்ட்னருக்குக் காத்து தீர்ந்துபோச்சு. ரெண்டு பேரும் உங்க டேங்க்ல மூச்சு விடணும். பயத்துல ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு வெச்சா, ரெண்டு பேருக்கு 60 லிட்டர்.

ஆழத்துல அழுத்தம் ஜாஸ்தி. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடும். 18 மீட்டர்ல 2.8 பார், அதனால செலவும் 2.8 மடங்கு.

- நிதானத்துக்கு வர 1 நிமிஷம், 18 மீட்டர்ல: 168 லிட்டர்
- நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல 5 மீட்டர் வரைக்கும் ஏற ஒன்றரை நிமிஷம்: சுமார் 193 லிட்டர்
- சேஃப்டி ஸ்டாப் 3 நிமிஷம்: 270 லிட்டர்
- மேல வர கடைசி அரை நிமிஷம்: 38 லிட்டர்

மொத்தம் 669 லிட்டர், அதாவது 60 பார். பாத்தீங்களா? 18 மீட்டர்ல நிக்கும்போது கையில 50 பார்தான் இருந்தா, சேஃப்டி ஸ்டாப்பை முழுசா முடிக்கவே பத்தாது. 50 பார்ங்கிறது படகுல ஏறும்போது இருக்க வேண்டிய கணக்கு. அடியில கிளம்பும்போது அதை விட ஜாஸ்தி வேணும். கைடு 70ல சைகை காட்டினது கஞ்சத்தனம் இல்ல, கணக்கு.

எமர்ஜென்சி ஃபண்டும் இதே மாதிரிதான். வேலை போன அன்னைக்கு, ஒரு ஆள் சம்பளத்துல ரெண்டு பேர் சாப்பிடணும், செலவும் அப்போதான் ஏறும். சாதாரண மாசச் செலவை வெச்சு ஃபண்டைக் கணக்குப் போட்டா பத்தாது.

அப்போ எங்கதான் மிச்சம் பிடிக்கிறது?

மூச்சுல. உங்க செலவு வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. செலவான பாரை டேங்க் கொள்ளளவால பெருக்குங்க. வந்ததை நிமிஷத்தாலயும், சராசரி ஆழத்தோட அழுத்தத்தாலயும் வகுங்க.

உதாரணம்: சராசரி 15 மீட்டர், அழுத்தம் 2.5 பார். 40 நிமிஷத்துல 140 பார் செலவு. 140 × 11.1 = 1,554 லிட்டர். அதை 40ஆலயும் 2.5ஆலயும் வகுத்தா நிமிஷத்துக்கு சுமார் 15.5 லிட்டர். இதே டைவை நிமிஷத்துக்கு 20 லிட்டர் செலவு பண்றவர் போனா, 31 நிமிஷத்துல கிளம்பணும். அதே காசு, 9 நிமிஷம் கம்மி.

இதைக் குறைக்க மூணு வழி. ஒண்ணு, சரியான எடை கட்டுங்க. அதிக ஈயம் கட்டினா மிதவைக்காக ஜாக்கெட்டுக்குக் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கணும். ரெண்டு, கையை ஆட்டாம படுத்த மாதிரி மெதுவா நீந்துங்க. மூணு, தேவையில்லாம ஆழம் போகாதீங்க. 10 மீட்டர்ல இருக்கிறதை விட 20 மீட்டர்ல காத்து ஒன்றரை மடங்கு செலவாகும். சம்பளம் ஏறாம வாடகை மட்டும் ஏத்துற மாதிரி!

ஒரு எச்சரிக்கை: காத்தை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்காதீங்க. மேல ஏறும்போது அடக்கினா நுரையீரல் காயமாகும். நிதானமா, தொடர்ந்து மூச்சு விடணும்.

சொந்த டேங்க் வாங்கலாமா?

வருஷத்துக்கு ஒரு ட்ரிப், நாலஞ்சு டைவ்னா வேண்டாம். டேங்க் வாங்கினதோட செலவு முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்க்கும் சோதனை, குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட், ஒவ்வொரு தடவையும் ஃபில் செலவு. ஃப்ளைட்ல கொண்டு போகணும்னா பொதுவா காலி பண்ணி வால்வைக் கழட்டணும். முகத்துக்குப் பொருந்தற மாஸ்க், அப்புறம் டைவ் கம்ப்யூட்டர், இதுக்கு முதல்ல பணம் போடுங்க.

ஏற்கெனவே டேங்க் வெச்சிருக்கிறவங்களுக்கு: வீட்டுக்கு வந்ததும் மிச்சக் காத்தை முழுசா திறந்து விடாதீங்க. உள்ளே கொஞ்சம் அழுத்தம் இருந்தா ஈரம் புகாது. காலி டேங்க்ல ஈரம் போய் அரிப்பு வந்தா, நீங்க மிச்சம் பிடிச்ச பத்து ஃபில் காசும் சர்வீஸ்ல போயிடும்.

அடுத்த டைவுக்கு முன்னாடி

1. எத்தனை பார்ல திரும்பணும்னு தண்ணில இறங்குறதுக்கு முன்னாடியே பார்ட்னரோட பேசி முடிவு பண்ணுங்க.
2. ரெண்டு பேர்ல யார் கேஜ் முதல்ல அந்த எண்ணைத் தொடுதோ, அப்போ ரெண்டு பேரும் கிளம்பணும்.
3. கேஜை அடிக்கடி பாருங்க, பார்ட்னர்கிட்டயும் கேளுங்க. நான் கேக்கலைங்கிறதை மறக்காதீங்க.
4. டைவ் முடிஞ்சதும் பார், நிமிஷம், ஆழம் மூணையும் எழுதி வைங்க. செலவுக் கணக்கு எழுதற அதே பழக்கம்தான்.

இது பயிற்சிக்கு மாற்று இல்ல. உங்க இன்ஸ்ட்ரக்டர் சொல்றதுதான் முதல்.

என் நண்பன் அன்னைக்குப் படகுல உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் என் கேஜைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "நல்லவேளை மிச்சம் வெச்சிருந்தே"ன்னு சொன்னான். நான் வெச்ச மிச்சம் இல்ல அது. கைடு வெக்கச் சொன்ன மிச்சம்.

இந்தக் கணக்கை போர்டுல போட்டுக் காட்டுற வீடியோவும் நம்ம சேனல்ல வரும். அது வரைக்கும், டேங்க்லயும் சரி, பேங்க்லயும் சரி, மிச்சம் வெச்சே மேல வாங்க!