பல்லை எண்ணினால் புழுவின் பெயர் கிடைக்காது

யூனிசிடா வரிசைக் கடற்புழுக்களின் தாடை வாய்க்கு வெளியே தெரியாது. தொண்டைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். தலைக்குப் பின்னால் முதுகுப்புறம் நேராகக் கீறித் திறந்தால், கீழே ஒரு ஜோடி மாண்டிபிள், அதற்கு மேலே கரும்பழுப்பு நிற மேக்சில்லாத் தகடுகள் தென்படும். முதல் ஜோடி இடுக்கிபோல் வளைந்திருக்கும். இரண்டாவது ஜோடியின் ஓரம் ரம்பம். யூனிஸ், மார்ஃபிசா பேரினங்களில் மூன்றாம் தகடு இடப்பக்கம் மட்டுமே உண்டு. இந்தப் பற்களை இடமும் வலமுமாக எண்ணி 1+1, 4+5 என்று குறிப்பது வழக்கம். தாடை ஆயுள் முழுக்க மாறாது, எண்ணிக்கை தெரிந்தால் இனத்தின் பெயர் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இதிலிருந்து கிளம்பியது. எத்தனை முறை மறுத்தாலும் அது திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

அது தவறு. ஆஸ்திரேலியாவின் டயோபாட்ரா அசிக்குலாட்டா புழுவை ஆராய்ந்த ஹன்னலோர் பாக்ஸ்டன், மேக்சில்லாக்கள் சட்டை உரிப்பதுபோல் கழன்று, அவற்றின் இடத்தில் பெரியவை வருவதை 2005-இல் எடுத்துக்காட்டினார். மாண்டிபிள் கழல்வதில்லை, முன்முனை தேயத் தேய வளர்கிறது, வளர்ச்சிக் கோடுகளும் அதில் பதிகின்றன. ஆஃப்ரியோட்ரோக்கா பேரினத்தில் மாற்றம் இன்னும் பெரிது. சில இனங்களில் இளம்பருவத்தின் பி-வகைத் தாடை போய், தோற்றத்திலேயே வேறான கே-வகைத் தாடை வருகிறது. உடல் பெருக்கப் பெருக்கப் பல்லின் எண்ணிக்கையும் மாறும்போது, ஒரே ஒரு புழுவின் பல்லை எண்ணி இனம் சொல்வது ஆய்வாகாது, அவசரம்.

இந்த அவசரத்தின் விலையைப் புதைபடிவ இயல் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறையை அமிலத்தில் கரைத்தால் மிஞ்சும் உதிரித் தாடைகளுக்கு ஸ்கோலிகோடான்ட் என்று பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பெயர் வைத்ததால் ஒரே புழு பல இனங்களாகப் பட்டியலில் ஏறியது. போலந்தின் சோஃபியா கியேலான்-யாவோரோவ்ஸ்கா 1966-இல் ஆர்டோவீசியன், சைலூரியன் காலத்துத் தாடைகளைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுத் தொகுதிகளாக விவரித்து, இன்றைய புழுக்களோடு ஒப்பிட்டார். தாடையால் பயனே இல்லை என்பதல்ல. தகடுகள் அமைந்திருக்கும் முறை குடும்பம் வரை நன்றாகவே வழிகாட்டும். இனம் வரை அதை இழுப்பதுதான் பிழை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை விளக்கம் தேவையில்லை. கடற்புழுத் தாடைகள் எலும்பல்ல. நீரிஸ் என்னும் கடற்புழுவின் தாடை துத்தநாகம் ஏறிய புரதம், கிளைசீரா என்னும் மற்றொன்றின் தாடையில் செம்புத் தாது உண்டு. தாடை இருந்தால் இறைச்சி தின்னி என்பதும் பொய். பாசியையும் மக்கிய கழிவையும் தின்னும் நீரிஸ் வகைகள் ஏராளம். யூனிஸ் பேரினத்துப் பாபிட் புழுவின் பெண் ஆணின் உறுப்பை அறுத்துவிடும் என்பது வெறும் வதந்தி. அறுக்க அங்கே உறுப்பே கிடையாது, முட்டையும் விந்தும் கடல்நீரில்தான் கலக்கின்றன.

பெயர் சொல்ல வேண்டுமானால் முழுப் புழுவும் வேண்டும். மார்ஃபிசாவில் இனங்களைப் பிரிப்பவை செவுள்கள் தொடங்கும் கண்டமும் சீப்புவடிவ முட்களும்தான். இங்கிலாந்துக் கரையில் முதலில் விவரிக்கப்பட்ட மார்ஃபிசா சாங்குவினியாவின் பெயரை உலகெங்கும் உள்ள புழுக்களுக்கு ஒட்டிவந்தது இவற்றைக் கவனிக்காததால்தான். சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய மார்ஃபிசா மதராசி தனி இனமாக விவரிக்கப்பட்டது 2020-இல்தான். புழுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின், இனம் அறிய உதவும் மரபணுவைச் சிதைத்துவிடும். ஆகவே புழுவை அதில் போடுமுன் ஒரு துண்டை வெட்டி ஆல்கஹாலில் தனியே வைக்க வேண்டும். தாடையை எடுத்த பிறகு உடலை வீசிவிடாமல், இடமும் நாளும் எழுதிய சீட்டோடு தாடை இருக்கும் புட்டியிலேயே போட்டுக் காக்க வேண்டும்.