கடற்கரைக் காணியும் தரகர் சொன்ன அடிக்கணக்கும்

எமது பகுதி வியாபாரிகளிடம் கொஞ்சம் காசு சேர்ந்தால் முன்னரெல்லாம் கடையை அகலப்படுத்துவார்கள். இல்லாவிட்டால் வயற்காணி வாங்குவார்கள். யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர் மூன்றாவது ஆசையொன்றும் சேர்ந்துகொண்டது. அறுகம்பேயைப் பார்த்து வந்தவர்கள், கடலைப் பார்த்தபடி ஒரு துண்டுக் காணி வாங்கி நாலு கபானா போட வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை என்னையும் விடவில்லை.

திருக்கோவில் பிரதேசத்திலுள்ள வினாயகபுரத்துக்கு ஒரு தரகர் என்னைக் கூட்டிச் சென்றார். கட்டப்போகும் கபானாக்களின் வர்ணப் படமும் அவர் கையில் இருந்தது. படத்தில் தென்னை கூட நட்டிருந்தார்கள்! "காக்கா, 40 பேர்ச். கடல் 500 அடி தள்ளி. இன்னும் மூன்று பேர் கேட்டு நிற்கிறார்கள், இன்றைக்கே அட்வான்ஸைத் தாருங்கள்" என்றார்.

நான் காலால் அளந்து பார்த்தேன். 200 அடி நடப்பதற்குள் ஈரமணல் வந்துவிட்டது.

தரகரின் 500 அடியே சரியென்று வைத்துக்கொண்டாலும் பிரச்சினை தீராது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், அதாவது ஏறத்தாழ 984 அடி, கரையோர வலயமாகும். அதற்குள் கட்டடம் எழுப்பக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் உடைக்கவும் அதிகாரமுண்டு. பிரதேச சபை பிளானை ஏற்றுக்கொண்டாலும் இந்த அனுமதி தனியானது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தது. அதன்பின் கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வந்தது, பின்னர் தளர்த்தப்பட்டது. மருதமுனையில் 65 மீற்றர் என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நின்றுவிட்டது. விதி மாறும். ஆகவே இன்றைய அளவைத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். தரகரிடம் கேட்பதில் பயனில்லை.

தரகர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த வேளை, வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் "ஐயா, இந்த வளவு யாருடையது?" என்று விசாரித்தேன்.

"கவர்மென்ட் தந்த பேமிட் காணி தம்பி. சுனாமிக்கு முதல் வீடு இருந்தது" என்றார்.

தரகரோ உறுதிக் காணி என்றல்லவா சொல்லியிருந்தார்! 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிட் காணியை, வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு வெளியாருக்கு விற்க முடியாது. சட்டத்துக்கு மாறான அத்தகைய கைமாற்றத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. அப்படியிருந்தும் வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கைமாறிய வளவுகளை நான் அறிவேன்.

அந்தத் தாளின் பெறுமதியை அனுபவத்தில் படித்தவன் நான். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், கைச்சீட்டை நம்பி அட்வான்ஸ் கொடுத்தேன். காணி இன்னொருவருக்குப் போய்விட்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்று சட்டத்தரணி பிறகுதான் சொன்னார். கைச்சீட்டை வைத்துக் காணியைக் கேட்க வழியில்லை. காசைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம். அதற்கு எத்தனை வருடமோ!

தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வளவு விலைக்கு வருகிறது, உடைமைக்காரர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் விற்றால்தான் அவருக்குக் கூலி. அந்தக் கூலியை உறுதி எழுதும் நாளில் தருவதாக முதலிலேயே பேசிவிடுவது என் வழக்கம். அட்வான்ஸைத் தரகர் கையில் கொடுப்பதுமில்லை.

வினாயகபுரத்திலும் அதையே சொன்னேன். "உறுதிப் பிரதியைத் தாருங்கள் தம்பி. கல்முனை காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, நிலஅளவையாளரையும் கூட்டிவருகிறேன்" என்றேன்.

"நாளைக்குக் கொண்டுவாறேன் காக்கா" என்றார். பிறகு அவரிடமிருந்து அழைப்பே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வழியால் போனபோது வளவைச் சுற்றிப் புது முட்கம்பி வேலி போட்டிருந்தது. உள்ளே ஒரு கல்லும் பதிக்கப்படவில்லை.