பலகையில் ஐந்தே காய்கள்

பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் செஸ் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பயிற்சியாளன் நான். பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த ஓப்பனிங் சொல்லித் தரப்போறீங்க சார்?" என்பதுதான். நான் பார்த்தவரை அந்த வயதில் ஓப்பனிங்கால் வெற்றி தோல்வி அமைவது குறைவு. காய்கள் குறைந்து, பக்கத்துப் பலகைகள் காலியாகி, பசியும் எடுக்கும் மூன்றாவது மணி நேரத்தில்தான் பெரும்பாலும் புள்ளிகள் கைமாறுகின்றன.

என் மாணவி ஒருத்தி கடைசிச் சுற்றில் கறுப்புக் காய்களுடன் ஆடினாள். எதிராளியிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். இவளிடம் ராஜாவும் யானையும் மட்டும். ஆனால் இவளுடைய ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நின்றது. யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி, வெள்ளை ராஜா உள்ளே வர முடியாதபடி அங்கேயே இடமும் வலமும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பொறுமையிழந்த எதிராளி சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினார். உடனே இவள் யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் வைக்கத் தொடங்கினாள். சிப்பாய் முன்னே போய்விட்டதால் வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. ஆட்டம் டிரா. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வீரர் ஃபிலிடோர் காட்டிய தற்காப்பு இது. ஒரே மாலையில் சொல்லித் தந்துவிடலாம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனான 14ஆவது ஆட்டத்தைப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். டிராவை நோக்கிப் போன ஆட்டம் அது. எதிர்த்து ஆடிய டிங் லிரென் யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார், பிஷப்புகளும் போயின, மிஞ்சிய சிப்பாய்களை வைத்து குகேஷ் வென்றார். போதும் என்று கை கொடுக்காமல் 18 வயதுப் பையன் ஆடிக்கொண்டே இருந்ததை அவர்கள் பார்க்க வேண்டும்.

தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். டிரா கேட்கும் முறை பலருக்குத் தெரியாது: காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். சிக்கல் வந்தால் எதிராளியுடன் வாதாட வேண்டாம். கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை அழைக்கலாம், அது ஆடுபவரின் உரிமை. பெரிய பையனின் குரலுக்குப் பயந்து நல்ல நிலையில் டிராவுக்கு ஒப்புக்கொண்ட குழந்தைகளைக் கண்டு மனம் வெதும்பியிருக்கிறேன். கூச்சப்படும் பிள்ளையை வீட்டிலேயே கையைத் தூக்கி, வாய்விட்டுக் கூப்பிடப் பழக்குங்கள்.

தோற்று வரும் பிள்ளையிடம் வாசலிலேயே "எங்கே விட்டே?" என்று கேட்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு முன் அது சாப்பிட வேண்டும், கொஞ்சம் ஓடியாட வேண்டும். நகர்த்தல்கள் எல்லாம் ஸ்கோர்ஷீட்டில் இருக்கின்றன. போட்டி முடிந்து வீடு திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம்.