கர்ப்பிணியின் தோல்: நிறம் மாறினால் கவலை வேண்டாம், அரிப்பு வந்தால் அலட்சியம் வேண்டாம்



கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் பல மாற்றங்கள் உண்டாகின்றன. அவற்றில் வெளியே கண்ணுக்குத் தெரிவது தோலில் வரும் மாற்றம்தான். முகம் கறுக்கும். வயிற்றில் கோடு விழும். சில பேருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். உடனே வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "கண்ணு பட்டுடுச்சு" என்பார் ஒருவர். "பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான் அரிக்குது" என்பார் இன்னொருவர். இவற்றில் எதை விட்டுவிடலாம், எதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிரித்துச் சொல்வதே இந்தப் பிரசுரத்தின் நோக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

தானே வரும், தானே குறையும்

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் என்னும் சுரப்பு நீர்கள் உடலில் அதிகமாகின்றன. இவை தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளையும் கூட்டிவிடுகின்றன. அதனால்தான் கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கின் மேலும் கருமை படர்கிறது. இதை மங்கு என்று சொல்கிறோம். தொப்புளுக்கு மேலும் கீழும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். மார்க்காம்பைச் சுற்றிலும் கறுத்துப் போகும். இவை நோய் அல்ல. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். மங்கு மட்டும் சிலருக்கு நீண்ட நாள் நிற்கலாம்.

வயிறு பெருக்கும்போது தோல் இழுபட்டு வரி வரியாகக் கோடுகள் விழும். முதலில் சிவந்தோ கறுத்தோ இருக்கும். பின்னால் வெளுத்துப் போகும். இந்தக் கோடே விழாமல் தடுக்கிறோம் என்று விற்கிற களிம்புக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சியும் லேசான அரிப்பும் தணியும், அது போதும்.

முகம் கறுத்தால் ஆண், மினுமினுத்தால் பெண் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதும், குங்குமப்பூ சாப்பிட்டால் சிவப்பாகப் பிறக்கும் என்பதும் அப்படியே. பிள்ளையின் நிறம் பெற்றோர் வழியாக வருவது. மாத்திரை சாப்பிட்டால் மலம்தான் கறுப்பாகப் போகும். அதில் பயம் இல்லை. கண்ணிமையின் உள்பக்கமும் நாக்கும் நகமும் வெளுத்திருந்தால் அது அழகு அல்ல, ரத்தச் சோகை. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அரிப்பு எத்தனை வகை?

1. வியர்வையாலும் வறட்சியாலும் வரும் அரிப்பு. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிற இடம், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு ஆகியவற்றில் வரும். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள். குளித்தபின் ஈரம் போகத் துடைத்துப் பருத்தித் துணி உடுத்துங்கள். வட்ட வட்டமாகப் படர்ந்தால் அது படர்தாமரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து உண்டு.

2. சொறி சிரங்கு. விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வந்து ராத்திரியில் அதிகம் அரிக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்தை டாக்டர் தருவார். வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்பி வரும். உடுத்திய துணியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

3. கடைசி மாதங்களில் வயிற்று வரிகளின் மேல் தொடங்கும் சிவந்த தடிப்புகள். பெரும்பாலும் தலைச்சன் பிரசவத்தில் வரும். தொப்புளைச் சுற்றி இருக்காது. தொல்லை அதிகம்; பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கொப்புளமாக நீர் கோத்துக்கொண்டால் கட்டாயம் காட்ட வேண்டும்; அது வேறு நோயாக இருக்கலாம்.

4. தோலில் ஒன்றுமே தெரியாமல் வரும் அரிப்பு. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறதா?

பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு, உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கும். தடிப்பு இருக்காது, பொரி இருக்காது. சொறிந்த கீறல் மட்டும்தான் தெரியும். ராத்திரி தூங்கவே முடியாது. சிலருக்குச் சிறுநீர் கருமஞ்சளாகப் போகும், மலம் வெளுத்துப் போகும், கண் மஞ்சளிக்கும். ஆனால் மஞ்சள் தெரியாமலும் இந்த நோய் இருக்கும். கண் மஞ்சளிக்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

நடப்பது இதுதான். ஈரலில் சுரக்கும் பித்த நீர் சரியாக வடியாமல் தேங்கி, அதன் உப்புகள் ரத்தத்தில் கலக்கின்றன. தாய்க்கு அது அரிப்பு. பிள்ளைக்கோ, அளவு மிகவும் கூடினால் வயிற்றிலேயே உயிர் போகும் அபாயம். ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால், மறுபடியும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் இருந்தால் டாக்டர் மாத்திரை தருவார், பிள்ளையைக் கவனித்து வருவார், தேவையானால் குறித்த நாளுக்கு முன்பே பிரசவம் பார்ப்பார். பிரசவம் ஆனதும் அரிப்பு தானே அடங்கும்.

வேப்பிலை அரைத்துப் பூசுவதாலும் கீழாநெல்லி குடிப்பதாலும் இந்த அபாயம் நீங்காது. நாள்தான் வீணாகும். பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிட்டுப் புறப்படுங்கள்.

இவற்றுக்கும் உடனே போகவும்

* முகமும் கையும் திடீரென வீங்குவது, அதோடு தலைவலி, கண் மங்கல். இது ரத்தக் கொதிப்பின் அடையாளமாக இருக்கலாம்.

* அம்மை. கர்ப்பிணிக்கு அம்மை வந்தாலும், வீட்டில் வேறு யாருக்காவது வந்து இவளுக்கு முன்னால் வந்ததே இல்லை என்றாலும், அன்றே நர்சம்மாவிடம் சொல்லுங்கள். வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை, கட்டிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் சொல்வது உங்கள் கடமை; அதையும் செய்யுங்கள்.

* அக்கி. காவி எழுதிவிட்டு இருந்துவிடாமல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

தோலைப் பேணும் முறை

தினமும் வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வறண்டு அரிப்பு கூடும். சோப்புக்குப் பதில் பயற்றம் மாவு போதும். நகத்தை வெட்டிவிடுங்கள். களை எடுக்க, நாற்று நடப் போகும்போது தலையில் முக்காடு போட்டு முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் மங்கு கூடும்.

சிவப்பழகுக் களிம்பு வேண்டாம். சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; கருவில் இருக்கும் பிள்ளையையும் போய்ச் சேரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொறி களிம்பும் வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையால் பிள்ளை ஊனமாகப் பிறக்கலாம். கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. வளைகாப்புக்கு மருதாணி இலையை அரைத்தே வையுங்கள். சீக்கிரம் கறுக்கும் கோன் மருதாணியில் கலந்திருக்கும் சாயத்தால் கை கொப்பளிக்கலாம்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை

புகுந்த வீட்டில் இருக்கிற பெண், "அரிக்குது" என்று மாமியாரிடம் சொல்லக்கூடக் கூச்சப்படுவாள். இதற்குப் போய் ஆஸ்பத்திரியா என்று கேட்பார்களோ என்று பயப்படுவாள். ராத்திரியில் அவள் காலைச் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடப்பது பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். "என்னம்மா, கை கால் அரிக்குதா?" என்று நீங்களே கேளுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, கூடவே போங்கள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பும்போது தாய் சேய் நல அட்டையைக் கொடுத்தனுப்பி, அரிப்பு பற்றி மாமனார் மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். முகம் கறுத்துவிட்டது என்று கேலி மட்டும் பேசாதீர்கள். உங்கள் பிள்ளையைச் சுமப்பதால் வந்த நிறம் அது.

பிரசவத்துக்குப் பின்

இந்த ஈரல் அரிப்பு ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரக்கூடும். ஆகவே அடுத்த முறை கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றே அதைச் சொல்லிவிடுங்கள். மங்கு வந்தவர்களுக்கு மாலா-என் போன்ற மாத்திரையால் அது கூடலாம். தாய்ப்பால் கொடுக்கும் முதல் 6 மாதம் அந்த மாத்திரை எப்படியும் கூடாது. காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியில் வைத்துவிடுவார்கள். அல்லது கணவர் நிரோத் உபயோகிக்கலாம். எது தோது என்று இருவரும் நர்சம்மாவிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்: கறுத்த முகம் பிறகு தெளியும். காரணம் தெரியாத அரிப்புக்கு ஒரு நாளும் தாமதம் கூடாது. இதைப் படித்தபின் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கும் படித்துக் காட்டுங்கள்.