நோயாளியின் கஞ்சிக் கணக்கு

மாணவர்களே! கடையநல்லூரிலிருந்து தென்காசி செல்லும் காலைப் பேருந்தில் தூக்குவாளியுடன் ஏறுவோரைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனையில் இருக்கும் உறவினருக்கு அதில் கஞ்சி போகிறது. "படுத்துத்தானே இருக்கிறார், கஞ்சி போதும்" என்பது நம் ஊர் வழக்கு. உண்மையில் போதுமா? நீங்கள் இயற்பியலில் படித்த ஆற்றல் கணக்கைக் கொண்டே பார்ப்போம்.

வரவும் செலவும்

படுத்திருந்தாலும் இதயம் துடிக்க வேண்டும். மூச்சு இயங்க வேண்டும். உடல் வெப்பம் குறையாதிருக்க வேண்டும். இதற்கு மெலிந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு ஆற்றலைச் செலவிடுகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். எனவே ஒரு நாள் செலவு 60 × 86,400 = 51,84,000 ஜூல். ஒரு கிலோகலோரி என்பது 4,184 ஜூல். ஆகவே செலவு சுமார் 1,240 கிலோகலோரி. காய்ச்சல் வந்தால், உயரும் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் இது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும்.

இனி வரவு. ஒரு டம்ளர் கஞ்சியில் 20 கிராம் அரிசி இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் அரிசி சுமார் 3.5 கிலோகலோரி தரும். மூன்று டம்ளருக்கு 210 கிலோகலோரிதான். பற்றாக்குறை ஆயிரத்துக்கும் மேல்!

பற்றாக்குறையை ஈடுகட்டுவது எது?

கல்லீரலில் சேர்ந்துள்ள கிளைக்கோஜன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பும் தசையும் கரையும். நலமாக இருப்பவர் பட்டினி கிடந்தால், உடல் சில நாட்களில் தசையைச் சிக்கனமாகச் செலவிடத் தொடங்கும். கடும் தொற்றோ பெரிய காயமோ உள்ள உடலால் அப்படிச் சிக்கனம் பிடிக்க முடிவதில்லை. புண் ஆறவும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகவும் புரதம் வேண்டும். மூச்சுத் தசைகள் இளைத்தால், சளியை இருமி வெளியேற்றக்கூட வலு இராது.

1936-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், குடற்புண்ணுக்காக அறுவை செய்துகொண்டோரின் எடையை ஆராய்ந்தார். அறுவைக்கு முன்பே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்திருந்தவர்களில் 33 சதவீதத்தினர் இறந்தனர். மற்றவர்களில் இறந்தோர் 3.5 சதவீதமே.

தமிழ்நாட்டில் ஒரு முயற்சி

காசநோய்க்கு நல்ல மருந்துகள் இருந்தும், மிக மெலிந்து வருவோரில் பலர் சிகிச்சையின் முதல் வாரங்களிலேயே இறந்தனர். ஆகவே 2022-இல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. நோய் கண்டறிந்த உடனேயே நோயாளியின் மூச்சுநிலை, துணையின்றி நிற்கும் திறன், உடல் நிறை எண் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே உடல் நிறை எண். இது 18.5-க்குக் கீழே போனால் மெலிவு. 14 அல்லது அதற்கும் கீழே எனில் உயிருக்கே ஆபத்து. அத்தகையோரை மருத்துவமனையில் சேர்த்து, உணவையும் சிகிச்சையாகவே அளிக்கிறார்கள்.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளுக்கு மருந்தோடு உணவுப் பொருள்களும் தரப்பட்டன. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது.

நாம் செய்யக்கூடியது

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் நிறைய ஊட்டுவதும் தீங்கு. இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று குறைந்து இதயம் பாதிக்கப்படலாம். ஆகவே முட்டை, பால், பருப்பு ஆகியவற்றில் எதை, எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். தட்டில் மிச்சம் வைத்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.

கணக்கிடுக: உயரம் 1.60 மீட்டர், எடை 35 கிலோகிராம் உள்ள ஒருவரின் உடல் நிறை எண் என்ன? அவருக்குக் கஞ்சி மட்டும் போதுமா?