சேற்று வெள்ளம் ஆற்றோடு போகட்டும்: மலையடிவார வாய்க்கால்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஆலோசனை

காலம்: புரட்டாசி முதல் மார்கழி வரை

யாருக்கு: மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தேனி முதல் திருநெல்வேலி வரை, ஓடைகளிலும் காட்டாறுகளிலும் அணைக்கட்டு கட்டித் தண்ணீர் எடுக்கும் ஊர்களுக்கு.

மலைச்சரிவில் மண் நீரில் ஊறிச் சரியும்போது பாறையையும் மரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்குகிறது. மதகில் குறுக்கே ஒரு மரம் சிக்கினால் போதும். அதன் பின்னால் சருகும் கல்லும் சேரும், தண்ணீர் கரையேறும், கரை உடைப்பெடுக்கும். அடைமழைக் காலத்திலேயே குளம் நிரம்பாமல் போவதற்கும், குளத்தை நம்பிய குடிநீர்க் கிணறுகள் கோடையில் வற்றுவதற்கும் இப்படி ஓர் உடைப்பே காரணமாகிவிடும். மண் இறங்குவதை ஊரால் நிறுத்த முடியாது. அது வாய்க்காலுக்குள் நுழையாமல் ஆற்றோடு போக வழிவிட முடியும். கீழே உள்ள வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை

• தலைமதகையும் மணல்போக்கி மதகையும் முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். திருகுக்கு கிரீஸ் இடுங்கள். கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது என்பது குறைந்தது மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

• மலையிலிருந்து வரும் சிற்றோடை வாய்க்காலைக் கடக்கும் இடங்களே மிகவும் பலவீனமானவை. அங்குள்ள குழாய்ப் பாலத்தில் அடைத்திருக்கும் கல்லையும் முள்ளையும் முதலில் எடுங்கள். குழாய் அடைபட்டால் ஓடை வாய்க்காலுக்குள் பாயும்.

• தூர்வாரிய மண்ணை மலைப்பக்கக் கரையில் கொட்டாதீர்கள். முதல் மழையிலேயே திரும்பி உள்ளே வந்துவிடும். பள்ளப் பக்கக் கரையின் தாழ்ந்த இடங்களில் போட்டுக் கெட்டிக்கலாம்.

• வாய்க்காலை அகலப்படுத்துகிறோம் என்று ஜேசிபி வைத்துச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். அடிமண் போனால் மேல்மண் நிற்காது.

• ஓடைக்குள் விழுந்து கிடக்கும் மரங்களைத் துண்டாக்கி வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு உடனே கேளுங்கள்.

• தலைமதகுக்கு முன் கம்பிச்சட்டம் வைப்பதானால் சாய்வாக வையுங்கள். செங்குத்துச் சட்டம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

• மண் பெயர்ந்த கரையில் வெட்டிவேர் நட இதுவே பருவம். சரிவுக்குக் குறுக்காக, சாண் இடைவெளிக்கும் நெருக்கமாக நடுங்கள். இந்த ஆண்டு பெரிதாகப் பயன் தராது. அடுத்த மழைக்குள் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால்

ஆரஞ்சு எச்சரிக்கையை 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரையும், சிவப்பை அதற்கு மேலும் மழை பெய்யலாம் என்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வருவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், தலைமதகை அடைத்து மணல்போக்கியைத் திறந்துவிடுங்கள். புதுவெள்ளத்தை விட மனம் வராதுதான். ஆனால் முதல் வெள்ளத்தில்தான் சேறு அதிகம். தெளிந்து வரும் அடுத்த தண்ணீரே குளத்துக்கு உதவும். மேல்நிலைத் தொட்டியை அன்றைக்கே நிரப்பி வையுங்கள்.

மழை பெய்யும்போது

இரவில் யாரும் தனியாக மதகுக்குப் போகக் கூடாது. கம்பிச்சட்டத்தில் சிக்கிய குப்பையைக் கரையில் நின்றபடி நீளக் கொக்கியால் இழுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். கொட்டும் மழையில் ஓடை நீர் திடீரெனக் குறைந்தால் மகிழ வேண்டாம்: மேலே மண் சரிந்து ஓடையை மறித்திருக்கலாம், அந்த அடைப்பு எந்த நேரமும் உடையலாம். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, பாறை உருளும் ஓசை ஆகியவையும் விலகச் சொல்லும் அறிகுறிகளே. பள்ளம் வழியே ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகள் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். மதகைக் காப்பதற்காக ஆளை இழக்கக் கூடாது.

மழை விட்ட பிறகு

மழை நின்றாலும் ஊறிய சரிவு மேலும் சில நாட்களுக்குச் சரியலாம். ஒருவர் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் மண்ணை அள்ளுங்கள். கடைமடையில் தொடங்கித் தலைமதகு நோக்கி வாருங்கள்; அப்போதுதான் தேங்கிய நீர் வடிய வழி கிடைக்கும். உடைப்பை வெறும் மண்ணால் மூடாமல், மணல்மூட்டைகளைச் செங்கல் வரிசைபோல் மாற்றி அடுக்குங்கள். தண்ணீரை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

கலங்கிய நீரில் பிளீச்சிங் பவுடர் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளியவிட்டு, பிறகு குளோரின் கலந்து, கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதியுங்கள். அதுவரை கொதிக்கவைத்த நீரையே குடியுங்கள்.

மண் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் தேதியோடு படமெடுத்து, தலைமதகிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்து ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் கொடுங்கள். தடுப்புச்சுவர் எங்கே வேண்டும் என்று கேட்கும்போது அந்தப் பட்டியல்தான் ஊருக்குச் சான்று.

அவசர உதவிக்கு: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.